ஏறின இடத்திலேயே இறக்கிவிடும் சக்கரம்

கமீல் சும்மா நின்று சத்தியம் செய்ய மாட்டான். எதன் மேலாவது ஏறி நின்றுதான் செய்வான். நான்கு வருஷத்துக்கு முன், நீதிமன்ற மேட்டில் ஆள் ஏறிச் சுற்றும் ராட்சதச் சக்கரத்தைக் கொண்டுவந்து நாட்டிய வாரம், ரீட்டாவின் காப்பிக்கடையில் ஒரு நாற்காலி மேல் ஏறினான். பிரஸ்ஸல்ஸ் பழஞ்சந்தை வியாபாரிகள் முப்பது பேர் சூப் கிண்ணத்தோடு அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏய்யா, ஒரு பீரோவை வண்டியில ஏத்தி, மூணு சுத்து சுத்தி, ஏத்தின இடத்துலயே இறக்கினா கூலி குடுப்பீங்களா? மாட்டீங்க. அதையே உங்களை ஏத்திச் செஞ்சா மட்டும் எதுக்குய்யா குடுக்கறீங்க? டிராம்ல ஏறினா அடுத்த ஸ்டாப்பாவது வருது!"

கடையே கைதட்டியது. மூலை மேஜையில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி ஒடெட் மட்டும் தட்டவில்லை. ரொட்டியைச் சூப்பில் தோய்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஊரைப் பாக்கத்தான் ஏறுவாங்க."

"ஊரை எதுக்குடி மேல போய்ப் பாக்கணும்? கீழயே கெடக்குதே!"

"ஜன்னல் இருக்கறவங்களுக்குச் சரி."

இப்போது கடை சிரித்தது, கைதட்டலைவிடப் பெரிதாக. கமீல் வீட்டு அலமாரி விஷயம் சந்தை முழுக்கத் தெரியும்.

அப்போதே பதினைந்து வருஷமாக நிற்கிற அலமாரி அது. மூடிப்போன ஒரு மடத்திலிருந்து கமீல் வாங்கியது. ஓக் மரம், கதவுக்கு ஒன்றாக இரண்டு சிங்கத்தலை. "ஒரே வாரம். வித்துடுவேன்" என்று சொல்லி வீட்டு முன்னறையில் ஏற்றினான். அந்தத் தெருக்களில் மாடிப்படி ஆள் ஏறவே அகலம் போதாது. பெரிய சாமான் எல்லாம் தெருவில் ஏணி வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாகத்தான் ஏறும், இறங்கும். ஜன்னல் வழியாக உள்ளே வந்த அலமாரி, வந்த ஜன்னலையே முழுக்க மறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கமீல் கேட்ட விலைக்கு ஆள் வரவில்லை. வந்த ஆள் கேட்ட விலைக்குக் கமீல் இறங்கவில்லை. நடுவில் ஒடெட் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு காப்பி குடித்தாள்.

அந்தச் சிரிப்பில் கமீலுக்குச் சுள்ளென்று ஏறியது.

"இந்தா, எல்லாரும் கேட்டுக்கோங்க! அந்தச் சக்கரத்துல நான் விலை குடுத்து ஏறினா, அன்னைக்கே அந்த அலமாரியை இவ வித்துக்கட்டும். யார்கிட்ட வேணா, என்ன விலைக்கு வேணா!"

ஒடெட் எழுந்து வந்தாள். ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். கமீல் நாற்காலியில் நின்றபடியே ஓங்கி ஓர் அடி அடித்தான்.

சந்தையில் கையெழுத்துக் கிடையாது. உள்ளங்கையில் அடித்தால் பேரம் முடிந்தது. கமீல் தன் வாழ்நாளில் புழு அரித்த மேஜையைப் புதுசு என்று விற்றிருக்கிறான். நேற்றுச் செய்த கடிகாரத்துக்கு நூறு வயசு சொல்லியிருக்கிறான். ஆனால் கையடித்துவிட்டுப் பின்வாங்கினான் என்று ஒருத்தர் சொல்லட்டும், பார்க்கலாம்.

படிப்பு அவனுக்குப் பதிமூன்று வயசோடு சரி. ஒரு கிழிந்த கம்பளியை விரித்து, நான்கு துருப்பிடித்த சாவிகளை வைத்து, முதல் நாளே இரண்டை விற்றவன். மழை, பனி, ஏமாற்று, உதை எல்லாம் பார்த்து மேலே வந்தவன். அவனிடம் ஒரே ஓர் ஆயுதம் உண்டு: பேரத்தின் நடுவில் எழுந்து நடந்துவிடுவது. முதுகைக் காட்டிக்கொண்டு பத்தடி நடந்தால் எப்பேர்ப்பட்ட ஆளும் "சரி, சரி, வாங்க" என்று கூப்பிடுவான். சந்தையில் பழகிய ஆயுதத்தை வீட்டிலும் வைத்துக்கொண்டான். ஒடெட் அலமாரிப் பேச்சை எடுத்து மூன்றாவது வாக்கியம் வருவதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பத்தொன்பது வருஷமாக அவள் நான்காவது வாக்கியத்துக்குப் போனதே இல்லை.

சத்தியம் செய்து நான்கு வருஷம் கழித்து, இந்த வசந்தத்தில்தான் வினை ஆரம்பித்தது. இரண்டு நாற்காலியில் ஆரம்பித்தது.

உயரமான முதுகு, சிவப்பு வெல்வெட், வால்நட் மரம். பார்த்தால் அரண்மனை. ஆனால் ஒரு நாற்காலியின் பின்கால் முறிந்து, கமீல் கையால் பசை போட்டு ஒட்டி, மேலே மெருகு பூசியது. அதைப் பக்கத்துக் கடை அப்தெல் தலையில் கட்டிவிடுவது என்று கமீல் முடிவு பண்ணினான். அப்தெல்லிடம் ஒரு பழைய டிராம் மணி இருந்தது. பித்தளை. தட்டினால் சதுக்கம் முழுக்கக் கேட்கும்.

"தம்பி, இதெல்லாம் ராஜா உக்காந்த நாற்காலி."

"எந்த ராஜாண்ணே?"

"பேரா முக்கியம்? வெல்வெட்டைத் தொட்டுப் பாரு! இதுல ஒவ்வொண்ணும் ஒரு அலமாரி பெறும். தெரியுமா? ஒரு முழு அலமாரி! போனாப் போகுது, நம்ம தம்பி ஆச்சேன்னு ரெண்டையும் அந்த ஓட்டை மணிக்குத் தரேன்."

"கால் எல்லாம் கெட்டிதானே?"

"யானையைக் கொண்டாந்து உக்கார வையி!"

அப்தெல் கொஞ்சம் யோசித்தான். கமீல் உடனே முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான். எட்டாவது அடியில் அப்தெல் கூப்பிட்டான். கையடித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். கமீல் விடுகிற ஆள் இல்லை. காலையில் முதல் பேரம் முடிந்தால் வாங்கினவன் காப்பி வாங்கித் தர வேண்டும் என்பது சந்தை வழக்கம்.

"எங்க என் காப்பி?"

"என்னண்ணே, நான் எங்க விலைக்கு வாங்கினேன்? சும்மா மாத்திக்கிட்டோம். காசே கைமாறலையே."

கமீலின் கழுத்து நரம்பு புடைத்தது. எதிரே இருந்த மரப்பெட்டி மேல் ஏறினான்.

"காசு கைமாறினாத்தான் விலையா? பொருள் கைமாறினா விலை இல்லையா? காசுங்கறது என்னடா? நேத்து வந்தது! மாத்தறதுதான்டா ஆதி வியாபாரம்! மணியைக் குடுத்தே, நாற்காலியை வாங்கினே. அந்த மணிதான் நீ குடுத்த விலை. ரீட்டா, நீ சொல்லு!"

"நீங்க சொல்றது நியாயந்தான்ணே. பெட்டியை விட்டு இறங்குங்க, உடைஞ்சிடப் போகுது" என்றாள் ரீட்டா கடைவாசலில் இருந்து.

"சந்தை தீர்ப்பு சொல்லியாச்சு! கொண்டா காப்பியை!"

காப்பி வந்தது. அதைவிட ருசியான காப்பியைக் கமீல் குடித்ததே இல்லை. அவனுக்குப் பின்னால் பழைய தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒடெட்டின் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் துடைத்தாள். அதை அவன் பார்க்கவில்லை. காப்பியில் நுரை அதிகம்.

ஒரு வாரம் கழித்து, கடைக்கு முன்னால் பாஸ்கால் வந்து நின்றான். சக்கரத்தில் பெட்டிக் கதவைத் திறந்து மூடுகிற வேலை அவனுக்கு. பழைய டிராம் சாமான் என்றால் உயிர். மணியைத் தொட்டான், தடவினான், ஒரு தட்டு தட்டினான். அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் கமீல் விலையை மனசுக்குள் இரண்டு மடங்காக்கினான்.

சொன்ன விலையைக் கேட்டுப் பாஸ்கால் மணியை வைத்துவிட்டான்.

"அவ்வளவு என்னால முடியாதுங்க. ஒண்ணு பண்ணலாம். என் காசுல ரெண்டு டிக்கெட் எடுத்துத் தரேன். நீங்களும் அக்காவும் சக்கரத்துல ஏறுங்க. ஷாம்பெயின் வைக்கிற தனிப் பெட்டி. மணியை எனக்குக் குடுத்துடுங்க."

"சக்கரமா! நீ ஒரு நாளைக்கு எத்தனை பேரை அதுல அடைக்கறே? அந்த ஏமாளிங்க மேல போய் அப்படி என்னத்தடா பாக்கறாங்க?"

"வெளியூர்க்காரங்க அரண்மனை எங்கன்னு கேப்பாங்க. ஊர்க்கோடியில நிக்கிற அந்தப் பெரிய இரும்பு உருண்டைக் கோபுரம் எங்கன்னு கேப்பாங்க. படம் எடுப்பாங்க, இறங்கிடுவாங்க. நம்ம ஊர்க்காரன் இருக்கானே, அவன் ஒண்ணே ஒண்ணைத்தான் தேடுவான். அவன் வீட்டை. 'அதோ, அதோ என் கூரை'ன்னு சின்னப் பிள்ளை மாதிரி கண்ணாடியில மூக்கை ஒட்டுவான். எனக்கு அந்த மொகத்தைப் பாத்தாப் போதும். அரண்மனை மட்டும் தெரியற சக்கரத்துல ஒரு தரம்தான் ஏறலாம். சொந்த வீடு தெரிஞ்சா மறுபடி மறுபடி வருவாங்க."

கமீலுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வேறொன்று ஏறியிருந்தது. சத்தியம், விலை கொடுத்து ஏறினால்தானே? இதில் காசு எங்கே இருக்கிறது? ஒரு பைசா கொடுக்காமல் ஏறி, பத்தொன்பது வருஷமாக நச்சரிக்கிற பெண்டாட்டிக்கு ஊரைக் காட்டிவிட்டு, "இந்தா, உனக்கு ஜன்னல் போதுமா? இனிமே அலமாரிப் பேச்சு எடுக்காதே" என்று வாயை அடைத்துவிட்டால்? ஒரே மணியில் இரண்டு வேலை. இந்த மூளையைப் பதிமூன்று வயசிலேயே பள்ளிக்கூடம் வெளியே அனுப்பியது நல்லதாகப் போயிற்று. உள்ளே இருந்திருந்தால் கெட்டிருக்கும்.

அன்று மத்தியானம் ஒடெட்டிடம் சொன்னான். அவள் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். பயந்து போனாள் போலிருந்தது.

"வேணாம்யா. சத்தியம் இருக்கு."

"அடியே, சத்தியம் விலைக்குத்தான். நான் பைசா குடுக்கலையே!"

"எனக்கென்னமோ சரியாப் படலை."

"உனக்கு என்னைக்கு என்ன சரியாப் பட்டிருக்கு? கிளம்பு!"

"சரி, நீ சொன்னா சரிதான். வர்ற வாரம் வியாழக்கிழமை போவோம். மூணு மணிக்கு."

"புதன்!" என்றான் கமீல். எந்த எண்ணைச் சொன்னாலும் அதிலிருந்து ஒன்று குறைப்பது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. "ரெண்டு மணிக்கு!"

"வியாழக்கிழமைன்னா எனக்குத் தோது."

"புதன், ரெண்டு மணி. பேசாதே."

ஒடெட் பெருமூச்சு விட்டாள். "நீ பிடிச்சா பிடிச்சதுதான்" என்று சொல்லி, அவன் தட்டில் ஒரு சாசேஜ் அதிகம் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை வீட்டு வாசலில் ஒரு பலகை முளைத்திருந்தது. 'புதன் ஒரு மணி முதல் நாலு மணி வரை இங்கே வண்டி நிறுத்தக் கூடாது.' யாராவது வீடு மாற்றினால் அந்த ஊரில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து இப்படிப் பலகை வைப்பார்கள். கமீல் அதை உதைத்தான்.

"எவன்டா அவன், என் வண்டி நிக்கிற இடத்துல? எந்த முட்டாள் வீடு மாத்தறான்?"

"யாரோ பாவம். நாமதான் அந்த நேரத்துல இருக்க மாட்டோமே, வண்டியைத் தள்ளி நிறுத்தேன்" என்றாள் ஒடெட்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்குக் கமீல் தன் கையாலேயே வண்டியை எடுத்து அடுத்த தெருவில் நிறுத்தினான். முட்டாளைத் திட்டிக்கொண்டேதான் நிறுத்தினான்.

கண்ணாடி லிஃப்டில் மேட்டுக்கு ஏறினார்கள். சக்கரத்தடியில் பாஸ்கால் மணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான். ஏழு பேர் வரிசையில் நிற்க, இவர்கள் இரண்டு பேரையும் முதலில் ஏற்றினான்.

"மூணு சுத்து. நடுவுல எங்கயும் நிக்காது. கடைசியில நானே கதவைத் திறப்பேன். உள்ள இருந்து திறக்க வராது. வசதியா உக்காருங்கக்கா."

கதவு மூடிக்கொண்டது. பெட்டி அசைந்தது. கமீல் காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

"பாத்துக்கோ! பைசா செலவில்லை! இந்த ஊர்ல எவன் பெண்டாட்டிக்குக் கெடைச்சிருக்கு?"

"ஆமாய்யா" என்றாள் ஒடெட். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பெட்டி ஏற ஏற, நீதிமன்றத்தின் பெரிய மண்டபமும் அதைச் சுற்றி ஒரு தலைமுறையாக நிற்கிற இரும்புச் சாரமும் கீழே போயின. சாரத்துக்கே இப்போது சாரம் கட்டுகிற வயசாகிவிட்டது. அப்புறம் மேடு விலகியது. விலகியதும், கமீல் காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

முழு ஊரும் சாம்பல் நிறக் கூரைகளாக இறங்கிப் போயிற்று. காலடியிலேயே அவன் சதுக்கம். நாற்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திய அந்தச் சதுக்கம், மேலிருந்து பார்த்தால் கைக்குட்டை அகலம். கடை கட்டிய பிறகு கிடக்கிற குப்பையை ஒரு சின்ன வண்டி பெருக்கிக்கொண்டிருந்தது.

"ஒடெட்! அதோ என் இடம்! மூணாவது விளக்குக் கம்பம்!"

"எங்க?"

"என் விரலைப் பாரு! பக்கத்துல ரீட்டா கடைப் புகைக்கூண்டு. அங்கேருந்து இடது பக்கம் திரும்பு. ரொட்டிக்கடை. அப்புறம்... அதோடி! அதோ நம்ம வீடு!"

மூக்கு கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

தெருவில் எல்லா ஜன்னலிலும் ஏதோ ஒன்று இருந்தது. ஒன்றில் சிவப்புப் பூத்தொட்டி. ஒன்றில் பூனை. ஒன்றில் ஒரு பெண் மிதியடியை உதறிக்கொண்டிருந்தாள். அவன் வீட்டு ஜன்னலில் மட்டும் பழுப்பாக ஒரு பலகை, அலமாரியின் முதுகு. மேலிருந்து பார்த்தால் அது வீடு மாதிரியே இல்லை. ஆணி அடித்து மூடிய கிடங்கு மாதிரி இருந்தது. கமீல் அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வேறொன்று கண்ணில் பட்டது.

"நம்ம வாசல்ல ஏணி வண்டி நிக்குது. அந்த முட்டாள் வந்துட்டான் போல."

"ஆமா."

"ஏணியை நம்ம ஜன்னல்ல சாத்தியிருக்கான்! அறிவு கெட்டவன், வீடு மாறிப் போச்சு!"

"இல்லையே. சரியாத்தான் சாத்தியிருக்காங்க."

பெட்டி உச்சிக்குப் போயிற்று. பழுப்புப் பலகை மெல்ல நகர்ந்தது. ஜன்னல் திறந்தது. முதலில் ஒரு சிங்கத்தலை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று.

"என் அலமாரி!" கமீல் எழுந்தான். பெட்டி ஆடியது. "திருட்டு! திருட்டு! பட்டப்பகல்ல! போலீசைக் கூப்பிடு!"

"உக்காருய்யா. அப்தெல்தான். சாவி நான்தான் குடுத்தேன். வித்துட்டேன்."

அதோடு பெட்டி இறங்க ஆரம்பித்தது. நீதிமன்றச் சுவர் எழும்பி வந்து தெருவை மறைத்தது. சரியாக அலமாரி பாதி வெளியே வந்து ஏணியில் தொங்குகிறபோது.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சுடி? ஒண்ணும் தெரியலையே!"

"அடுத்த சுத்துல தெரியும்."

கீழே வந்தபோது கமீல் கண்ணாடியைக் குத்தினான். "நிறுத்துடா! பாஸ்கால்! திற!" பாஸ்கால் சந்தோஷமாகக் கையாட்டினான். டிராம் மணியை ஒரு தட்டுத் தட்டினான். டிங். பெட்டி மறுபடியும் ஏறியது.

"யாரைக் கேட்டு வித்தே?"

"உன்னைத்தான். நீ விலை குடுத்து ஏறினா வித்துக்கலாம்னே. கையடிச்சே."

"நான் எங்கடி விலை குடுத்தேன்? பைசா குடுக்கலை! மணியைத்தானே..."

சொன்ன வாய் திறந்தபடி நின்றது.

ஒடெட் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "'காசு கைமாறினாத்தான் விலையா? பொருள் கைமாறினா விலை இல்லையா?' பெட்டி மேல ஏறிச் சொன்னே. ரீட்டா தீர்ப்பு சொன்னா. காப்பியும் குடிச்சே. நான் பின்னாடிதான் இருந்தேன்."

ஒரு காப்பி. நுரை அதிகமான ஒரே ஒரு காப்பி.

"பாஸ்காலுக்கு அந்த மணி மேல ஆசைன்னு..."

"நான்தான் அனுப்பினேன்."

"அந்தப் பலகை?"

"பத்து நாள் முன்னாடியே எழுதிக் குடுத்தது."

"பத்து நாளைக்கு முன்னாடியா! புதன்கிழமைன்னு சொன்னதே நானாச்சே!"

"வியாழன்னு சொன்னது நானாச்சே."

கமீலுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இதற்கு மேல் பேச்சே இல்லை. தொப்பியை எடுத்து மாட்டினான். விறைப்பாக எழுந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் அடி வைத்தான். இரண்டாவது அடிக்குக் கதவு வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வானம்.

கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றினான். உட்கார்ந்தான்.

"முடிச்சிட்டியா? இப்ப நான் பேசலாமா?" என்றாள் ஒடெட். "பத்தொன்பது வருஷமா நான் மூணு வார்த்தை பேசினதும் தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிடறே. இந்தச் சக்கரம் வந்த அன்னைக்கே நெனைச்சேன். உலகத்துலயே எழுந்து போக முடியாத இடம் இது ஒண்ணுதான்னு. அதுக்கே குடுக்கலாம்யா டிக்கெட்டுக் காசு."

கமீல் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவினான்.

"காலையில அஞ்சு மணிக்கு வண்டியை எடுத்துக்கிட்டுப் போறே. பனி விழுந்த நாள்ல அந்தக் கல்லு பாவின தெரு எப்படி வழுக்கும்? முக்கு திரும்பிப் போய்ச் சேர்ந்தியான்னு பாக்கணும்னு ஜன்னலுக்குத்தான் வருவேன். வந்து என்னத்தைப் பாக்கறேன்? சிங்கத்தைப் பாக்கறேன். ரெண்டு சிங்கம். அதுங்களும் என்னைப் பாக்குதுங்க."

அதுதான் நான்காவது வாக்கியம். கமீல் அது ஏதோ திரைச்சீலை, பூத்தொட்டி, பக்கத்து வீட்டுக்காரியோடு போட்டி என்று நினைத்திருந்தான். தன் பேர் அதில் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அலமாரி ஏணியில் பாதி தூரம் இறங்கியிருந்தது. அவ்வளவு பெரிய அலமாரி, தீப்பெட்டி மாதிரி. அதைப் பார்ப்பதற்குப் பதில் அவன் மேலே இருந்த ஜன்னலைப் பார்த்தான். முதலில் கறுப்பாக இருந்தது. மேகம் விலகியதும் வெயில் உள்ளே விழுந்தது. சுவரில் இருந்த காகிதத்தில் மஞ்சள் பூப் போட்டிருந்தது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை ஒட்டினதே அவன்தான்.

மூன்றாவது சுற்றில்தான் வியாபாரி விழித்துக்கொண்டான்.

"சரி. வித்தது வித்தே. என்ன விலைக்கு?"

"ஏணிக் கூலி அப்தெல்லோடது. அது போக, ரெண்டு நாற்காலி. ஜன்னலோரம் போட."

"என் மடத்து அலமாரிக்கு ரெண்டு நாற்காலியா! எந்த நாற்காலி?"

"சிவப்பு வெல்வெட். ராஜா உக்காந்தது. ஒவ்வொண்ணும் ஒரு அலமாரி பெறும்னு நீதானே சொன்னே? கணக்குப் பாத்தா நமக்கு ஒரு அலமாரி லாபம்."

கமீல் வாயைத் திறந்தான். 'அதுல ஒண்ணு கால் ஒட்டினதுடி' என்று வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தால் அப்தெல்லை ஏமாற்றியதும் கூடவே வரும். வாயை மூடிக்கொண்டான். அவன் கொடுத்த நாற்காலி மணியாகி, மணி சக்கரமாகி, சக்கரம் அலமாரியைக் கொண்டுபோய், கடைசியில் அதே நாற்காலி அவன் வீட்டுக்கே வந்து இறங்கியிருக்கிறது.

டிங். பாஸ்கால் கதவைத் திறந்தான்.

"எப்படிங்க? வீடு தெரிஞ்சுதா?"

"நல்லாவே தெரிஞ்சுதுடா" என்றான் கமீல்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் யோசனை ஒன்றே ஒன்றுதான். எந்த நாற்காலி? வலதுபக்கக் கைப்பிடியில் சின்னக் கீறல் உள்ளது, அதுதான். படியை இரண்டிரண்டாகத் தாண்டி மூச்சு வாங்க முன்னறைக்குள் நுழைந்தான். நுழைந்ததும் கண் கூசிற்று. அறை இரண்டு மடங்காகியிருந்தது. ஜன்னலோரத்தில் இரண்டு நாற்காலியும் ஒன்றை ஒன்று பார்த்தபடி. பின்னாலேயே வந்த ஒடெட் கைப்பையை வைத்துவிட்டு, நேராகப் போய்க் கீறல் விழுந்த நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அதுல உக்காராதே!"

"ஏன்யா?"

"அது... அது எனக்குப் பிடிச்ச நாற்காலி. நீ இதுல உக்காரு."

"நாற்காலி ரெண்டும் ஒண்ணுதானே?"

"சொன்னாக் கேளுடி!"

ஒடெட் அவனை ஒரு பார்வை பார்த்தாள். நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். கமீல் மற்றதன் பக்கத்தில் போய் நின்றான். அதன் முதுகைத் தடவினான். உட்காரவில்லை. ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு வெளியே பார்க்கிற மாதிரி நின்றான். கூரைகளுக்கு மேலே, மேட்டில், சக்கரம் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உச்சியில் ஒரு பெட்டியில் யாரோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டைத் தேடுகிறவர்களாக இருக்கும்.

"பாத்தியா? இங்கேருந்து சக்கரத்தையே பாக்கலாம். பைசா இல்லாம!"

"ம்."

கால்மணி நேரம் போயிற்று. ஒடெட் காப்பி போட்டு எடுத்துவந்தாள். விளக்குப் போடவில்லை. கமீல் நின்றுகொண்டே குடித்தான். முட்டி வலித்தது. ஒரு காலை மாற்றி ஊன்றினான். இன்னொரு காலை மாற்றி ஊன்றினான்.

"உக்காரேன்யா."

"நின்னு பாத்தாத்தான் நல்லாத் தெரியுது."

"எனக்குத் தெரியலை. நீ நின்னா வெளிச்சம் மறைக்குது." ஒடெட் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினாள். "தாராளமா உக்காரு. அந்த ஒட்டின காலை அப்தெல் வாங்கின அன்னைக்குச் சாயங்காலமே கண்டுபிடிச்சு மாத்திட்டான்."